மருத்துவமனை அலைச்சலைக் குறைக்க: நோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் ஒரு கையேடு

“வலி எப்போதிலிருந்து இருக்கிறது?” என்ற ஒரே கேள்வியை ஒரு நோயாளியிடம் ஒரே நாளில் ஐந்து பேர் கேட்பதுண்டு. வரவேற்பு மேசையில் ஒருவர் கேட்பார். ரத்த அழுத்தம் பார்க்கும் செவிலியர் கேட்பார். பயிற்சி மருத்துவர், ஸ்கேன் அறைப் பணியாளர் என்று தொடர்ந்து கடைசியில் மூத்த மருத்துவரும் கேட்பார். ஐந்தாவது முறை பதில் சொல்லும்போது எரிச்சல் வருவது இயல்பு. அந்த எரிச்சலைவிடப் பெரிய கேடு, பதில் தேய்ந்துபோவதுதான். காலையில் “மூன்று வாரமாக, படி ஏறும்போது மட்டும்” என்று தெளிவாகச் சொன்னவர், மதியத்தில் “கொஞ்ச நாளாக இருக்கிறது” என்று முடித்துவிடுகிறார். சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டிய மூத்த மருத்துவரின் காதில் விழுவது அந்தக் கடைசிப் பதில்.

என் அம்மாவுடன் பல ஆண்டுகள் பல மருத்துவமனைகளின் நடைக்கூடங்களில் உட்கார்ந்திருந்த பிறகு எனக்குப் புலப்பட்டது இதுதான்: நோயாளிகள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு விஷயம் மாறும் இடத்தில் பிறக்கின்றன. அந்த அறைகள் எல்லாவற்றிலும் இருந்தவர்கள் நோயாளியும் உடன் வந்தவரும் மட்டுமே. உடம்பு சரியில்லாதவரின் தலையில் விழக்கூடாத வேலை இது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் விழுகிறது. அதை ஓரளவு எளிதாகச் செய்வதற்கான வழிகளை மட்டும் இங்கே எழுதுகிறேன். திடீர் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் இழுப்பு போன்ற நிலைகளில் இவற்றில் எதற்கும் நேரம் செலவிடாமல் உடனே அவசர உதவியை அழைக்க வேண்டும்.

முதலில் ஒரு தாள்

வீட்டில் இருக்கும் தடித்த கோப்பை யாரும் முழுவதும் படிக்கப் போவதில்லை. பத்து ஆண்டு ரிப்போர்ட்டுகள் அடங்கிய பையை மேசைமேல் வைத்தவுடன் மருத்துவரின் பார்வை கடிகாரத்துக்குப் போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பை உடன் இருக்கட்டும். அதற்கு மேல், பெரிய எழுத்தில் எழுதிய ஒரே ஒரு தாள் இருக்க வேண்டும். அதன் முன்பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, இப்போதுள்ள நோய்கள் தொடங்கிய ஆண்டு, செய்துகொண்ட அறுவைச் சிகிச்சைகள், ஒவ்வாத மருந்துகள், இப்போது சாப்பிடும் மருந்துகள், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண் ஆகியவை போதும். ரத்த வகையை எழுதுவதில் தவறில்லை, ஆனால் ரத்தம் ஏற்றுவதற்கு முன் மருத்துவமனை தானே அதை மறுபடி பரிசோதித்துக்கொள்ளும்.

ஒவ்வாமையைப் பற்றி எழுதும்போது “பென்சிலின் ஒத்துக்கொள்ளாது” என்பதோடு நிறுத்தாதீர்கள். வயிற்றைப் புரட்டியதா, உடல் முழுவதும் தடித்துச் சிவந்ததா, மூச்சு அடைத்ததா என்பதையும், அது எத்தனை ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் மருத்துவரால் முடிவெடுக்க முடியும். மூச்சு அடைத்திருந்தால் அந்த வகை மருந்தையே அவர் தொடமாட்டார். வயிற்றுப் புரட்டல் மட்டும் என்றால் தேவைப்படும்போது அதையே எச்சரிக்கையோடு தரக்கூடும்.

மருந்துகளை எழுதும்போது அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரோடு, அதன் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரையும் எழுதுங்கள். இதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைப்படும்படி இல்லை. அம்மா ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தார். வேறொரு காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பியபோது, புதிய சீட்டில் வேறு பெயரில் ஒரு மாத்திரை இருந்தது. பழையதை நிறுத்தும்படி யாரும் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரத்தில் கணுக்கால்கள் வீங்கின. வேறொரு மருத்துவரிடம் காட்டினோம். அவர் வீக்கத்தைப் பார்த்து, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை ஒன்றைச் சேர்த்தார். எழுந்து நின்றாலே தலைசுற்றல் வரத் தொடங்கிய பிறகுதான், ஓர் இரவு எல்லா அட்டைகளையும் விளக்கடியில் பரப்பி வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். பழைய அட்டை, புதிய அட்டை இரண்டின் அடியிலும் அச்சாகியிருந்த பெயர் ஒன்றுதான்: அம்லோடிபின். கணுக்கால் வீக்கம் அந்த மருந்தின் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. மருந்தின் அளவு கூடினால் வீக்கமும் கூடும். ஒரு மருந்தின் விளைவைப் புதிய நோய் என்று எண்ணி அதற்கு இன்னொரு மருந்து எழுதப்படும் இந்தச் சங்கிலியைப் பற்றி முதியோர் மருத்துவத்தில் 1990களிலிருந்தே எச்சரித்து வருகிறார்கள். மறுநாள் காலை மருத்துவரை அழைத்துச் சொல்லி, அவர் சொன்னபடி நிறுத்தினோம். சில மருந்துகளை நாமாகத் திடீரென நிறுத்துவது இரட்டிப்பாகச் சாப்பிடுவதைவிட ஆபத்தானது என்பதால், கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

கடையில் நாமே வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரைகள், சத்து மாத்திரைகள், மூலிகை மருந்துகள் ஆகியவையும் இந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். காய்ச்சலுக்குச் சாப்பிடும் பாராசிட்டமால், சளிக்காக வாங்கும் பல கலவை மாத்திரைகளிலும் இருக்கிறது; பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் என்ற பொதுவான உச்ச அளவை அறியாமலே தாண்டிவிடுவது இப்படித்தான்.

தாளின் பின்பக்கத்தை இப்போதைய தொல்லைக்கு ஒதுக்குங்கள். தேதி, என்ன செய்துகொண்டிருந்தபோது, எவ்வளவு நேரம், எதனால் தணிந்தது என்ற நான்கு விவரங்கள் ஒவ்வொரு வரியிலும் இருந்தால் போதும். “3ஆம் தேதி, இரண்டாம் மாடிக்கு ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், இரண்டு நிமிடம், உட்கார்ந்ததும் நின்றது. 9ஆம் தேதி, முதல் மாடியிலேயே வந்தது, ஐந்து நிமிடம்.” இந்த இரண்டு வரிகளைப் படிக்கும் மருத்துவருக்கு, தொல்லை வளர்ந்து வருகிறது என்பது நீங்கள் சொல்லாமலே தெரிந்துவிடும். ஐந்து பேர் கேட்டாலும் தாளைப் பார்த்தே பதில் சொல்லுங்கள்; ஐந்தாவது பதிலும் முதல் பதிலைப் போலவே இருக்கும்.

காத்திருக்கும் நேரம்

பத்து மணிக்கு வரச்சொல்லிவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு உள்ளே அழைப்பதைப் போலக் கோபமூட்டும் விஷயம் குறைவு. மருத்துவர் சோம்பியிருப்பதால் இது நடப்பதில்லை. அவர் ஓயாமல் பார்ப்பதே காரணம். வரிசைகளைப் பற்றிய கணிதத்தின் மிக எளிய மாதிரியில், மருத்துவர் தம் நேரத்தில் 80 சதவீதம் வேலையில் இருந்தால், ஒருவர் சராசரியாக நான்கு பேரைப் பார்க்கும் நேரம் காத்திருக்க வேண்டும். அது 90 சதவீதமானால் ஒன்பது பேருக்கான நேரம். 95 சதவீதமானால் பத்தொன்பது பேருக்கான நேரம். ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 40 நிமிடமாக இருந்த காத்திருப்பு மூன்று மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. மருத்துவரின் ஒரு நிமிடமும் வீணாகக்கூடாது என்று அட்டவணை போடும் நிர்வாகம், அந்த நிமிடங்களுக்கான விலையை நடைக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் வாங்குகிறது என்பது என் எண்ணம்.

தாமதம் நாள் முழுவதும் சேர்ந்துகொண்டே போவது என்பதால், முன்பதிவு செய்யும்போது அந்த வேளையின் முதல் அல்லது இரண்டாவது இடத்தைக் கேளுங்கள். வார விடுமுறை முடிந்து வரும் முதல் நாளைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். கிளம்பும் முன் தொலைபேசியில் “எனக்கு எத்தனை மணிக்கு?” என்று கேட்பதைவிட, “மருத்துவர் வந்துவிட்டாரா, இப்போது எத்தனையாவது டோக்கன் போய்க்கொண்டிருக்கிறது?” என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும். கழிப்பறைக்கோ ரத்தம் கொடுக்கவோ எழுந்து போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள்; பெயரை அழைத்தபோது ஆள் இல்லாமல் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவது தினமும் நடக்கிறது. இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும், வெறும் வயிற்றில் காத்திருக்கிறோம் என்பதைச் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இது சலுகை கேட்பதாகாது.

அவசரப் பிரிவில் விதி வேறு. அங்கே வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை. 1990களில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் உருவாகிப் பல நாடுகளுக்குப் பரவிய முறையில், வருபவர்கள் ஐந்து நிறங்களாகப் பிரிக்கப்படுகிறார்கள்: சிவப்புக்கு உடனடியாக, ஆரஞ்சுக்கு 10 நிமிடத்துக்குள், மஞ்சளுக்கு 60 நிமிடம், பச்சைக்கு 120, நீலத்துக்கு 240. உங்களுக்குப் பின்னால் வந்தவரை முதலில் உள்ளே அழைத்தால் அவருடைய நிறம் வேறு என்று பொருள். அந்த நிறம் நீங்கள் வந்த நேரத்து நிலையை வைத்து முடிவானது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். காத்திருக்கும்போது வலி கூடினாலோ, மயக்கம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ எழுந்து சென்று, “முன்பு சொன்னதைவிட இப்போது மோசமாகியிருக்கிறது, மறுபடி பார்க்க வேண்டும்” என்று சொல்லுங்கள். “இன்னும் எவ்வளவு நேரம்?” என்ற கேள்விக்குக் கிடைக்காத கவனம் இந்த வாக்கியத்துக்குக் கிடைக்கும்.

மருத்துவருக்கு முன்னால்

2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 67 நாடுகளில் முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குத் தரும் நேரத்தைத் தொகுத்துப் பார்த்தது. வங்கதேசத்தில் அது 48 வினாடி, சுவீடனில் 22.5 நிமிடம். உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வாழும் நாடுகளில் ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவோதான். இந்த ஐந்து நிமிடமும் முழுதாக நம் பேச்சுக்குக் கிடைப்பதில்லை. 1984இல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் இருவரும் 74 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, நோயாளி பேசத் தொடங்கி சராசரியாக 18 வினாடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். விட்டால் பேசிக்கொண்டே போவார்கள் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் தேவையில்லாதது என்பதை 2002இல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஆய்வு காட்டியது. குறுக்கிடாமல் விட்ட 335 நோயாளிகள் சராசரியாக 92 வினாடியில் தாங்களாகவே பேசி முடித்தார்கள்.

ஆகவே நமக்குக் கிடைக்கும் முதல் வாக்கியத்தை வெளியே காத்திருக்கும்போதே தீர்மானித்துக்கொள்வது நல்லது. பலரும் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கி, முக்கியமான இடத்துக்கு வருவதற்குள் நேரத்தை இழக்கிறார்கள். முடிவிலிருந்து தொடங்குங்கள்: “மூன்று வாரமாகப் படி ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது, வர வர அதிகமாகிறது, அப்பாவுக்கு ஐம்பது வயதில் மாரடைப்பு வந்ததால் பயமாக இருக்கிறது.” தொல்லை, அதன் போக்கு, உங்கள் அச்சம் ஆகிய மூன்றும் இதில் அடங்கிவிட்டன. அச்சத்தைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். மருத்துவர் அதை அறியாவிட்டால், எல்லாம் நன்றாகப் பார்த்து முடித்த பிறகும் உங்கள் மனத்தில் இருந்த கேள்விக்குப் பதில் கிடைக்காமலே வெளியே வருவீர்கள்.

கேட்க வேண்டியவை இரண்டு மூன்று இருந்தால் உட்கார்ந்தவுடனேயே எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள். “மூன்று விஷயம் இருக்கிறது, முதலாவதுதான் முக்கியம்” என்றால் அவர் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்வார். எழுந்து கதவருகே போன பிறகு “இன்னொன்று, மலத்தில் ரத்தம் போகிறது” என்று சொல்வது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. வெட்கம் தரும் தொல்லைதான் பெரும்பாலும் கடைசியில் வருகிறது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வாயால் சொல்ல முடியாவிட்டால் தாளில் எழுதி நீட்டுங்கள்.

மருத்துவர் சொன்னதில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனேயே மறந்துபோகிறது என்று 2003இல் வெளிவந்த ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரை, பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. நினைவில் நிற்பதிலும் ஏறத்தாழப் பாதி தவறாக நிற்கிறதாம். இதற்கு மருந்து எளியது. எழுந்திருக்கும் முன், “நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்கிறேன்” என்று தொடங்கி, கேட்டதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். “இந்த மாத்திரை காலையில் மட்டும், ஒரு வாரத்தில் குறையாவிட்டால் திரும்ப வர வேண்டும், இடையில் மயக்கம் வந்தால் உடனே வர வேண்டும், சரிதானே?” என்று கேட்டால் முப்பது வினாடிதான் ஆகும். தவறு இருந்தால் அவர் அங்கேயே திருத்துவார். புரியாத சொல் வந்தால் தலையாட்ட வேண்டாம், “அதை எங்கள் வீட்டில் விளக்குவது எப்படி?” என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கைபேசியில் ஒலிப்பதிவு செய்ய விரும்பினால் முதலில் அனுமதி கேளுங்கள், மறைவாகச் செய்யாதீர்கள்.

உள்ளே வருபவர் யாரென்றே தெரியாமல் இருப்பதும் ஒரு குறைதான். கேட் கிரேஞ்சர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், தாமே புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது, தம்மிடம் வந்த ஊழியர்களில் பலர் பெயர்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்து, 2013இல் அதற்கென ஓர் இயக்கத்தையே தொடங்கினார். பெயரையும் பொறுப்பையும் பணிவாகக் கேட்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். “அன்று ஒரு டாக்டர் சொன்னார்” என்பதற்கு மருத்துவமனையில் எந்த மதிப்பும் இல்லை.

பரிசோதனை முடிவு எங்கே போனது?

என் பார்வையில் மிக ஆபத்தான குறை இதுதான், ஏனென்றால் இதில் ஓசையே எழுவதில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறோம், அழைப்பு வரவில்லை, “ஏதாவது இருந்தால் சொல்லியிருப்பார்கள்” என்று விட்டுவிடுகிறோம். அமெரிக்காவில் 5,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், கவனிக்கப்பட வேண்டிய மாறுபட்ட முடிவுகளில் ஏறக்குறைய 14இல் ஒன்று நோயாளிக்குச் சொல்லப்படவில்லை, அல்லது சொன்னதற்கான பதிவு இல்லை. முடிவு தாளிலோ கணினியிலோ சரியாக வந்திருக்கும். பரிசோதனைக்கு எழுதிய மருத்துவர் அன்று விடுப்பில் இருந்திருப்பார், அல்லது நோயாளி வேறு பிரிவுக்கு மாறியிருப்பார்.

ஆகவே ரத்தம் கொடுக்கும் முன்பே நான்கு விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: இந்தப் பரிசோதனை எதற்காக, முடிவு எந்த நாளில் வரும், அதை யார் பார்த்து எனக்குச் சொல்வார், அந்த நாளில் வராவிட்டால் நான் யாரை அழைக்க வேண்டும். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவிட்டு, மறுநாளே நீங்கள் அழையுங்கள். அழைக்கும்போது “எல்லாம் நார்மல்” என்று சொன்னாலும் நகலை வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க எண்கள் வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் இன்னும் வராத முடிவுகள் இருப்பது மிகவும் சாதாரணம், “நிலுவையில் எந்தப் பரிசோதனையாவது இருக்கிறதா?” என்று அன்று கட்டாயம் கேட்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. முடிவு நேராகக் கைபேசிக்கு வந்துவிடுகிறது; ஒரு வரிக்கு எதிரே தடித்த எழுத்தில் நட்சத்திரக் குறி இருக்கிறது; இரவு முழுவதும் உறக்கம் இல்லை. பெரும்பாலான பரிசோதனைகளில் ‘இயல்பான அளவு’ என்பது ஆரோக்கியமான மனிதர்களில் நடுவிலுள்ள 95 சதவீதத்தினரின் அளவைக் கொண்டு வரையப்படுகிறது. அப்படியென்றால் ஒரு குறையும் இல்லாதவர்களிலேயே இருபது பேரில் ஒருவர் அந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது அளவுகளை ஒரே தாளில் பார்த்தால், ஆரோக்கியமான ஒருவருக்கும் ஏதாவது ஒன்று வெளியே விழும் வாய்ப்பு 64 சதவீதம். குறி ஏதும் இல்லாமல் தாள் வருவதுதான் சற்று அபூர்வம். கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது, சென்ற முறை எவ்வளவு இருந்தது என்ற இரண்டையும் பார்த்துவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

இரண்டு ஆய்வுக்கூடங்களின் தாள்களை ஒப்பிடும்போது அலகையும் பாருங்கள். சர்க்கரை ஒரு தாளில் 126 என்றும் இன்னொன்றில் 7 என்றும் இருந்தால் அது குறைந்துவிட்டதாகப் பொருளில்லை. முதலாவது டெசிலிட்டருக்கு மில்லிகிராம், இரண்டாவது லிட்டருக்கு மில்லிமோல். இரண்டாவதை 18ஆல் பெருக்கினால் முதலாவது வரும்.

இன்னொரு மருத்துவரின் கருத்து

பெரிய அறுவைச் சிகிச்சை, புற்றுநோய், வாழ்நாள் முழுவதும் மருந்து என்ற முடிவுகளுக்கு முன் இன்னொருவரின் கருத்தைக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பதாகாது. நல்ல மருத்துவர்கள் அதை எதிர்பார்க்கவே செய்கிறார்கள். ஆனால் பலர் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ரிப்போர்ட் என்பது முதலில் பார்த்தவரின் கருத்து. அதைப் படிக்கும் இரண்டாமவர் பெரும்பாலும் அதே முடிவுக்குத்தான் வருவார். ஸ்கேன் என்றால் படங்கள் அடங்கிய குறுந்தகட்டையோ இணைப்பையோ வாங்குங்கள். திசுப் பரிசோதனை என்றால், கண்ணாடி வில்லைகளும் மெழுகில் பதித்த திசுத்துண்டும் ஆய்வுக்கூடத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கேட்டுப் பெற்று இன்னொரு நோய்க்கூறு நிபுணரிடம் காட்ட முடியும். தம் பதிவுகளின் நகலைப் பெறுவது பல நாடுகளில் சட்டப்படியான உரிமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி முதல் நகலுக்குப் பொதுவாகக் கட்டணமும் இல்லை. எங்கேயானாலும் வாயால் கேட்பதைவிட எழுத்தில் தேதியிட்டுக் கேட்பது விரைவில் பலன் தரும்.

வார்டிலும் வீடு திரும்பும் நாளிலும்

உள்நோயாளியின் குடும்பத்தினர் அடிக்கடி சொல்லும் குறை, “நிலைமை மோசமாகிறது என்று சொன்னோம், யாரும் கேட்கவில்லை” என்பது. இந்தக் குறையிலிருந்தே சில நாடுகளில் விதிகள் பிறந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2013 முதல், சிகிச்சை தரும் குழு காது கொடுக்காவிட்டால் குடும்பத்தினரே வேறொரு மருத்துவரின் மறுபார்வையைக் கோரலாம். இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் இதுபோன்ற ஏற்பாடு 2024 முதல் படிப்படியாக வந்தது. அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறதா என்று சேரும் நாளிலேயே கேளுங்கள். இல்லாவிட்டாலும் பேசும் முறையை மாற்றலாம். “பார்க்கவே சரியில்லை” என்பதைவிட, “காலையில் என்னோடு பேசினார், இப்போது கண் திறக்கவில்லை, மணிக்கு மணி குறைந்து வருகிறது, பொறுப்பு மருத்துவரை இப்போதே வரவழையுங்கள்” என்று சொல்வது வலுவானது. அவரை நீங்கள் தினமும் பார்ப்பவர் என்பதால், மாற்றம் உங்கள் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும்.

டிஸ்சார்ஜ் நாளில் எல்லோருக்கும் அவசரம்: படுக்கை அடுத்தவருக்கு வேண்டும், நமக்கும் வீடு போய்ச்சேர வேண்டும். இந்த அவசரத்தில்தான் எங்கள் வீட்டு அம்லோடிபின் கதை நடந்தது. பழைய தாளையும் புதிய மருந்துச் சீட்டையும் அருகருகே வைத்து, பழைய பட்டியலின் ஒவ்வொரு மருந்துக்கும் ‘தொடரும்’, ‘நிறுத்தம்’, ‘அளவு மாற்றம்’ என்ற மூன்றில் ஒன்றைச் செவிலியரோ மருந்தாளுநரோ சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். புதியவற்றுக்கு எதற்காக, எத்தனை நாள் என்று எழுதுங்கள். தினமும் சாப்பிடக்கூடாத மருந்துகளில் கூடுதல் கவனம் வேண்டும். மூட்டு வாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை சாப்பிடுவது. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. அதனால் அட்டையிலேயே கிழமையின் பெயரை எழுதச் சொல்லி வாங்க வேண்டும். சீட்டில் 1.0 என்று எழுதியிருந்தால் புள்ளி மங்கி 10 ஆகப் படிக்கப்படலாம் என்பதால், அளவை வாய்விட்டுக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வெளியேறும் முன் இன்னும் ஒரே ஒரு கேள்வி: “வீட்டில் எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும், இரவு என்றால் எந்த எண்ணை அழைக்க வேண்டும்?”

பில்

பணத்தைப் பற்றிய கேள்விகளைச் சிகிச்சைக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. பிறகு கேட்டால் அது வாக்குவாதமாகிவிடுகிறது. உத்தேசச் செலவை எழுத்தில் கேளுங்கள். அதில் எது அடங்காது என்பதையும் கேளுங்கள். இறுதியில் மொத்தத் தொகையை மட்டும் தரும் தாளை ஏற்காமல் வரிவாரியான பில்லைக் கேட்டு, நாட்களின் எண்ணிக்கை, திரும்பக் கொடுத்த மருந்துகள், இருமுறை பதிவான பரிசோதனைகள் ஆகிய மூன்றையும் முதலில் சரிபாருங்கள். காப்பீடு மறுக்கப்பட்டால், எந்த விதியின்படி மறுத்தார்கள் என்பதை எழுத்தில் பெற்ற பிறகே மேல்முறையீட்டைத் தொடங்குங்கள்.

குறையை எழுதும் முறை

அன்றன்றே தீரக்கூடிய குறையை அந்தப் பிரிவின் தலைமைச் செவிலியரிடம் சொன்னால் போதும். பல நேரம் அவர் கையில்தான் தீர்வு இருக்கிறது. அதற்கு மேல் போக வேண்டியிருந்தால், கோபம் ஆறிய மறுநாள் எழுதுங்கள். 1994இல் பிரிட்டனில், மருத்துவர்கள்மீது வழக்குத் தொடுத்த 227 நோயாளிகளிடமும் உறவினர்களிடமும் காரணம் கேட்டபோது, இழப்பீட்டோடு, நடந்தது என்ன என்ற விளக்கமும், வேறு யாருக்கும் இது நேரக்கூடாது என்ற எண்ணமும், யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்ற வேட்கையும் முக்கியக் காரணங்களாக வெளிப்பட்டன. இவற்றில் உங்களுக்கு வேண்டியது எது என்பதை முதலில் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் அது சொல்லப்படாத கடிதத்துக்கு “வருந்துகிறோம்” என்ற ஒற்றை வரிதான் பதிலாக வரும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நோயாளியின் பதிவு எண், தேதி, நேரம், இடம், யார் என்ன சொன்னார் அல்லது செய்தார் என்பதை வரிசையாக எழுதுங்கள். “அலட்சியம்”, “மனிதாபிமானமில்லை” போன்ற சொற்கள் படிப்பவரைத் தற்காப்புக்குத் தள்ளிவிடும், “இரவு 9 மணிக்கு மணியை அழுத்தினோம், 10.20க்கு வந்தார்கள்” என்ற வரிக்கு அவர் பதில் தேடியாக வேண்டும். கடைசிப் பத்தியில் என்ன வேண்டும் என்பதையும், எந்தத் தேதிக்குள் பதில் எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும் எழுதி, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தையோ மின்னஞ்சல் ஒப்புகையையோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி தாண்டியும் பதில் வராவிட்டால், முதல் கடிதத்தின் நகலை இணைத்து அடுத்த மேல்நிலைக்கு அனுப்புங்கள். இரண்டாவது கடிதத்தில் முதல் கடிதத்தின் தேதியும், பதில் வரவில்லை என்ற ஒரு வரியும் இருந்தால் போதும்.